வயிறு காலியான வால்வு

செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால்.

ஜோலீனின் உணவகத்தில் முதல் காபி எப்போதும் லியோனார்டு ஹௌஸ்காவுக்குத்தான். ஹார்லன் பெண்ட் ஊரில் அது எழுதாத சட்டம். அன்று ஒரு வாய் குடித்ததுமே கிழவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன ஜோலீன், மருந்துக் கடையிலயா காபி போட்ட?"

"குடிங்க, குடிங்க. ஓசியில மூணாவது கப் கேக்கற ஆளுக்கு வாய் மட்டும் குறைச்சலில்ல!"

அவர் சிரித்தார். காசு கொடுத்து வாங்கியதைக் கீழே கொட்டத் தெரியாத மனிதர். கப்பைக் காலி செய்தார். கால் மணி நேரத்தில் நாற்காலியோடு சரிந்தார். அடுத்தடுத்து இன்னும் எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

மதியத்துக்குள் எட்டுப் பேரும் தேறிவிட்டார்கள். லியோனார்டு மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண் திறக்காமல் கிடந்தார்.

விஷம் எங்கிருந்து வந்தது என்பதும் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. விடிவதற்கு முன் ஊர் எல்லையில் தானியக் கிடங்கு ஒன்று தீப்பிடித்திருந்தது. தீயணைப்பு வண்டிகள் தெருக் குழாயிலிருந்து தண்ணீரை வாரி இறைத்ததில், ஊர் முழுக்கக் குழாய்களில் அழுத்தம் செத்துப்போயிருந்தது. உணவகத்துக்குப் பக்கத்திலேயே ரூப் நர்சரி. அங்கே களைக்கொல்லி கலக்கும் தொட்டிக்குள் ஒரு ரப்பர் குழாயின் முனை முங்கிக் கிடந்தது. அழுத்தம் போன ஊர்க்குழாய், அந்த மருந்தைத் தன் பக்கம் உறிஞ்சிக்கொண்டது. அது நேராக ஜோலீனின் காபி எந்திரத்துக்குப் போனது.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் பேக்ஃப்ளோ வால்வு என்று ஒன்றை வைக்கச் சொல்கிறார்கள். உள்ளே போன தண்ணீரை ஊர்க்குழாய்க்குத் திரும்ப விடாத கனத்த பித்தளைக் கருவி. வருஷத்துக்கு ஒருமுறை, உரிமம் பெற்றவர் வந்து சோதித்து, சீட்டுக் கட்டிவிட்டுப் போக வேண்டும். ரூப் நர்சரியிலும் அந்த வால்வு இருந்தது. மஞ்சள் சீட்டும் தொங்கியது. போன புதன்கிழமை சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது என்று அதில் கையெழுத்து. போட்டவள் டார்லீன் ஹௌஸ்கா. லியோனார்டின் மகள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். வால்வின் வயிறு காலி. தண்ணீரைத் தடுக்க வேண்டிய இரண்டு கதவுகளும் இல்லை, அவற்றை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் இல்லை. கதவு பழுதானால் தண்ணீரை வெளியே கொட்டிக் காட்டிக்கொடுக்க அடியில் ஒரு வாய் உண்டு. அதில் ஒரு ரப்பர் அடைப்பான் திணித்திருந்தது. அழுக்கேறி, ஓரம் பாசி பிடித்து, வருஷக்கணக்காய் அங்கேயே இருந்த மாதிரி.

அவ்வளவுதான். ஊருக்கு வேறென்ன வேண்டும்? 'டார்லீன் சோதிக்கவேயில்லை. சீட்டைக் கட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெற்ற அப்பனையே கொன்றிருப்பாள் படுபாவி.' பனிக்காலத்தில் குழாய் வெடித்தால் எந்நேரமானாலும் அவள் வீட்டுக் கதவைத் தட்டிய அதே வாய்கள்தான் இப்படிப் பேசின.

முதலில் பேசியவர் யார் தெரியுமா? நர்சரி முதலாளி க்ளேடன் ரூப். ஊர் மன்றத்தின் உறுப்பினர்.

"அவ குனிஞ்சுகூடப் பாக்கல! குனிஞ்சிருந்தா அந்த அடைப்பான் கண்ணுல பட்டிருக்காதா?"

புதன்கிழமை மாலை மன்றம் கூடும், டார்லீனின் பெயரைச் சோதனையாளர் பட்டியலிலிருந்து அடிக்கவும் உரிமத்தைப் பறிக்கச் சொல்லி மாநிலத்துக்கு எழுதவும் தீர்மானம் வரும் என்று அவரே அறிவித்தார். தன் தோட்டத்து மருந்து ஊரைக் கவிழ்த்திருக்கிறது. தீர்மானம் கொண்டுவருவதும் அவரே! வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

செவ்வாய் மாலை, ஷெரீப் அலுவலகத்திலிருந்து ரோண்டா வெஸ்லிங் வந்து இறங்கினாள். குற்றப் புலனாய்வில் பதினைந்து வருஷ அனுபவம். பேச்சு குறைவு, காது கூர்மை.

முதலில் உணவகம். ஜோலீன் மூடிய கடையின் வாசலில் நின்று பொருமிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல நர்சரின்னு வச்சுக்கிட்டு நான் படற பாடு போதும் தாயே! மருந்து இன்னைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அவன் ஸ்பிரிங்க்ளர் என் உயிரை வாங்கிச்சு. இந்தப் பலகையைப் பாரு."

வாசலோரம் ஒரு கரும்பலகை. சாக்பீஸ் எழுத்து பாதி கரைந்து வழிந்திருந்தது.

"எப்ப நனைஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை காலைல. தேவாலயம் முடிஞ்சு வர்ற கூட்டத்துக்காக, முந்தின சாயங்காலமே அழகா எழுதி வச்சிருந்தேன். காலைல வந்தா எல்லாம் ஒரே கூழ்! நேத்தும் அதே கதை."

"ஞாயித்துக்கு முன்னாடி?"

"வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் எழுதினது எழுதினபடி இருந்துச்சு. வெள்ளிக்கிழமை அங்கேருந்து அடிச்ச காத்துல என் வாசக் குடையே பறந்துபோச்சு. அப்பகூட ஒரு சொட்டு விழல."

"ஸ்பிரிங்க்ளர் அந்த நாள்ல ஓடுச்சா?"

"போன புதன்கிழமை சீசனுக்குத் தண்ணியைத் திறந்ததுலேருந்து தினம் விடியக்காலைல அதுவா ஓடுது. போன வருஷமும் இப்படித்தான். மே மாசம் முதல்ல நல்லாயிருக்கும், அப்புறம் திடீர்னு என் வாசலுக்கு வந்துரும். கேட்டா, காத்துங்கறான்."

ரோண்டா பலகையையும் வேலிக்கு அப்பால் தெரிந்த ஸ்பிரிங்க்ளர் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்து மருத்துவமனை. டார்லீன் நடைவழி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"சோதிச்சீங்களா?"

"நீங்களுமா? சோதிச்சேன். அழுத்தமானியை மாட்டி, ரெண்டு கதவும் பிடிக்குதா பாத்து, அடிவாய் திறக்குதா பாத்து, எல்லாம் செஞ்சேன். வால்வு கிண்ணுன்னு இருந்துச்சு."

"அடைப்பான்?"

"அடைப்பான் இருந்தா அடிவாயைச் சோதிக்கவே முடியாதும்மா! என்ன பேசறாங்க இவங்க?" அவள் குரல் உடைந்தது. "எங்க அப்பா தினம் காபி குடிக்கற கடைக்குப் பக்கத்துக் குழாய் அது. அதுக்கா நான் பொய்ச் சீட்டுக் கட்டுவேன்? வாய் கூசாம சொல்றாங்களே!"

"இந்த வால்வை வச்சிருக்கறவங்களுக்கு அதுமேல ஏதாவது கோபம் உண்டா?"

டார்லீன் கசப்பாகச் சிரித்தாள். "எல்லாருக்குமே உண்டு. கதவைத் தள்ளிக்கிட்டுப் போறதுல தண்ணியோட வேகம் கொஞ்சம் குறையும். என்னமோ அந்த வேகத்தை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி என்னைத் திட்டுவாங்க."

பிறகு நர்சரி. மெமோரியல் டே நெருங்குகிறது. கல்லறைகளுக்கு வைக்க ஊரே பூ வாங்கும் வாரம். கோடிவரைக்கும் பெட்டூனியாத் தொட்டிகள் செழித்து நின்றன. க்ளேடன் ரூப் தன் டிரக்கில் சாய்ந்துகொண்டு பேசினார். திறந்த ஜன்னல் வழியே முன் இருக்கையில் ஒரு தூண்டில் பெட்டி தெரிந்தது.

"அவளைக் கைது பண்ணாம என்னை ஏன் கேக்கறீங்க?"

"வழக்கமான விசாரணைதான். வால்வை வேற யாராவது தொட்டாங்களா?"

"யாரு தொடுவா? கடையில மொத்தமே நானும் மார்வினும்தான். அவனும் சனிக்கிழமை மக பட்டமளிப்புன்னு லிங்கன் ஊருக்குப் போயிட்டான். சீசன் நேரத்துல லீவு! நாள் முழுக்க நான் ஒண்டியா நாயா உழைச்சேன்."

"மீன் பிடிக்கப் போவீங்களோ?"

"மீனா? மே மாசத்துல எனக்கு மூச்சு விடவே நேரமில்ல."

மார்வின் செடிகளுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நாற்பது வயது ஆள், கண் சிவந்திருந்தது.

"தொட்டியில குழாயைப் போட்டது நான்தான் மேடம். தண்ணி நிரப்பப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். என் தப்புதான். ஆனா அதுக்குத்தானே வால்வு இருக்கு?"

"லிங்கன்லேருந்து எப்ப திரும்பி வந்தீங்க?"

"ஞாயிறு மதியம். தங்கச்சி வீட்டுல தங்கிட்டு வந்தோம்."

"கோடியில இருக்கற தொட்டிகளுக்கு முன்னாடி நீங்கதான் கையால தண்ணி ஊத்துவீங்களா?"

மார்வின் நிமிர்ந்தான். "ஆமா. ஸ்பிரிங்க்ளர் அதுவரைக்கும் எட்டாது. ஆனா திங்கக்கிழமை வந்து பாத்தா எட்டுது. முதலாளி ஏதோ சரிபண்ணிட்டாருன்னு நினைச்சேன்."

ரோண்டா நன்றி சொல்லிவிட்டு நேரே நீதிபதியின் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை. மாலை நான்கு மணி.

மன்றக் கூட்டம் மன்றத்தில் நடக்கவில்லை. எல்லாரையும் ஜோலீனின் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தாள் ரோண்டா. குழாய்களை ஒரு நாள் முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். மேயரும் நான்கு உறுப்பினர்களும் கழுத்தில் டையோடு வெயிலில் நின்றார்கள். க்ளேடன் ரூப் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"என்ன நாடகம் இது?"

"சின்னச் சோதனை" என்றாள் ரோண்டா. "ஜோலீன், பலகையில ஏதாவது எழுதுங்க."

'காபி இல்லை' என்று எழுதினாள் ஜோலீன். குறும்பு அவளை விட்டுப் போகவில்லை.

"இப்ப நர்சரியில அந்தக் காலி வால்வு அப்படியே இருக்கு. மார்வின், தண்ணியைத் திற."

ஸ்பிரிங்க்ளர் சீறியது. தண்ணீர் வேலியைத் தாண்டி வந்து பலகையில் அறைந்தது. எழுத்து வழிந்தது.

"நிறுத்து. டார்லீன், உங்க வேலை."

டார்லீன் தன் வண்டியிலிருந்து அதே அளவில் ஒரு புது வால்வைத் தூக்கி வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினாள். ஜோலீன் பலகையைத் துடைத்து மறுபடி எழுதினாள். தண்ணீர் திறக்கப்பட்டது. இந்த முறை அது வேலிக்கு இந்தப் பக்கம் வரவேயில்லை. பலகை உலர்ந்தே இருந்தது.

"வால்வு முழுசா இருந்தா தண்ணி இங்க வராது. வயிறு காலியா இருந்தாத்தான் வரும்" என்றாள் ரோண்டா. "வியாழன், வெள்ளி, சனி மூணு காலையும் பலகை நனையல. அதனால புதன்கிழமை டார்லீன் சோதிச்சப்ப வால்வு முழுசாத்தான் இருந்துச்சு. ஞாயிறு விடியறப்ப நனைஞ்சுது. அப்ப உள்ளே இருந்ததை உருவினது சனிக்கிழமை."

"காத்து! காத்துல வந்திருக்கும்!" என்றார் க்ளேடன்.

ஜோலீன் இடுப்பில் கை வைத்தாள். "வெள்ளிக்கிழமை அடிச்ச காத்துல என் குடை அந்தத் தெருவுல போய் விழுந்துச்சு. பலகையில ஒரு சொட்டு இல்ல. எங்கிட்டயே கதை விடறியா?"

"சனிக்கிழமை மார்வின் லிங்கன்ல இருந்தாரு" என்று தொடர்ந்தாள் ரோண்டா. "கடையில நாள் முழுக்க ஒண்டியா உழைச்சது யாரு மிஸ்டர் ரூப்? உங்க வாயாலயே சொன்னீங்க."

"அந்த அடைப்பானைப் பாத்தீங்கல்ல? எத்தனை வருஷத்து அழுக்கு!"

"பாத்தேன். ஒவ்வொரு வருஷமும் அதையே எடுத்து மாட்டினா அழுக்காத்தானே இருக்கும்? சோதனைக்கு முன்னாடி கதவுகளை மாட்டுவீங்க. சீட்டுக் கட்டினதும் உருவிட்டு அடைப்பானைத் திணிப்பீங்க. கோடித் தொட்டிப் பெட்டூனியாவுக்குத் தண்ணி எட்டணுமே! உருவினதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க. அடுத்த மே மாசச் சோதனைக்கு வேணும்." அவள் திரும்பினாள். "மூச்சு விட நேரமில்லாத மனுஷன் வண்டியில தூண்டில் பெட்டி எதுக்குன்னு யோசிச்சேன்."

நீதிபதியின் சோதனை உத்தரவைக் காட்டி, ரோண்டாவோடு வந்திருந்த துணை அதிகாரி க்ளேடனின் டிரக்கைத் திறந்தார். பெட்டியில் ஒரு கொக்கி இல்லை, நரம்பு இல்லை. எண்ணெய்த் துணியில் பத்திரமாகச் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகளும் இரண்டு கதவுகளும் இருந்தன.

டார்லீன்தான் முதலில் பேசினாள்.

"பூவுக்காகவா? அட அக்கிரமக்காரா, எங்க அப்பா உசுரை நாலு தொட்டிப் பூவுக்கா அடமானம் வச்ச? அதோட நிக்காம என் தலையிலயும் கட்டின!"

விலங்கு பூட்டி வண்டியில் ஏற்றும்போதும் க்ளேடன் ரூப்பின் பார்வை செடிகளின் பக்கமே இருந்தது.

மேயர் தொண்டையைக் கனைத்தார். "டார்லீன், ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். தீர்மானத்தை விட்டுடலாம். அப்புறம்... இந்தப் புது வால்வை இன்னைக்கே சோதிச்சுச் சீட்டுக் கட்டிட்டீங்கன்னா, ஜோலீன் கடையைத் திறக்க வசதியா இருக்கும்."

என்ன தைரியம் பாருங்கள்! மன்னிப்பு என்ற சொல் கூட வாயில் வரவில்லை. கூட்டம் டார்லீனையே பார்த்தது. அவள் முகம் சிவந்தது. கருவிப் பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவள் போகவில்லை. "அப்பா இன்னைக்கு மதியம் கண்ணைத் திறந்தாரு" என்றாள். "திறந்ததும் காபி கேட்டாரு. திரும்பி வந்து அவர் குடிக்கப்போறது இந்தத் தண்ணியிலதான். அதுக்காகச் செய்யறேன். உங்களுக்காக இல்ல."

சேற்றில் மண்டியிட்டாள். மானியை மாட்டினாள். முதல் கதவு, இரண்டாம் கதவு, அடிவாய். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். பழைய வால்வில் தொங்கிய தன் சீட்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். புதுச் சீட்டைக் கட்டினாள். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேயரையும் உறுப்பினர்களையும் பார்த்தாள்.

"நான் குனிஞ்சுகூடப் பாக்கலன்னு தானே தீர்மானம் எழுதினீங்க? வாங்க. ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சு பாருங்க. அடிவாயில அடைப்பான் இருக்கான்னு உங்க வாயால சொல்லுங்க."

ஜோலீன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மேயர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, முழங்காலைச் சேற்றில் ஊன்றினார்.

"இல்ல" என்றார் மெதுவாக.

"சத்தமா!"

"இல்ல!"

மற்ற மூன்று உறுப்பினர்களும் அவர் பின்னால் வரிசையில் வந்து நின்றார்கள்.