மத்தியானம் மினுங்கிய விளக்கு

"ஒரே ஒரு வருசந்தான் கனகு. தம்பிக்குக் கல்யாணமாகி புதுசா ஒரு புள்ள வருது. அத ஹால்லயா படுக்க வைக்க முடியும்? நம்ம ரூம அவுகளுக்கு விட்டுக் குடுப்போம்."

"ஏசி...?"

"அது செவுத்துல மாட்டுனது. அத மட்டும் கழட்டிக்கிட்டா வர முடியும்?"

"நான் அதக் கேக்கலங்க. ராத்திரி டைமர் வச்சுப் படுக்கணும், இல்லேன்னா விடியக்காலம் குளிரெடுக்கும். அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிருங்க."

அவ்வளவுதான் பேச்சு. கனகலட்சுமியும் அவள் கணவன் அழகுபாண்டியும் இதைப் பேசி ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் காலையில் அடுப்பில் பால் பொங்கக் காத்து நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு அவளுக்கு முதலிலிருந்து ஞாபகம் வரும்.

திருப்பரங்குன்றத்தில் அவர்கள் இருந்த வீட்டில் ஒரு ஹால், ஓர் அடுப்படி, ஓர் அறை. மேலே மொட்டை மாடி. அறையில் இருந்த ஏசி கனகத்தின் அப்பா தலைதீபாவளிச் சீராக வாங்கி மாட்டிக் கொடுத்தது. கொழுந்தன் தங்கப்பாண்டி ரோகிணியைக் கட்டிக்கொண்டு வந்ததும் அறை கைமாறியது. அடுத்த வருடம் ரோகிணி முழுகாமல் இருந்தாள். பிறகு கைக்குழந்தை. பிறகு, "ரோகிணி டீச்சரா இருக்க ஸ்கூலு இங்கேருந்து பக்கமா இருக்கு மதினி, இப்பப் போய் எங்க வீடு தேட?" என்றான் தங்கப்பாண்டி. கனகமும் சரி என்றாள்.

ஹாலில் ஜன்னலோரம் மாமனார் வெள்ளைத்துரையின் கட்டில். டிவிக்குக் கீழே கனகத்துக்கும் அழகுபாண்டிக்கும் பாய். மாமனார் இருமினால் இவள் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். கொழுந்தன் தண்ணீர் குடிக்க வந்தால் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

விசேஷ வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் இவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "ஒம்பது வருசமாச்சே, இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். ஒருத்தி டாக்டர் பேர் சொல்வாள். இன்னொருத்தி கோயில் பேர் சொல்வாள். நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று மட்டும் ஒருத்தியும் கேட்டதில்லை.

"நேத்தும் மத்தியானம் நின்னு போச்சுக்கா!"

அறைக் கதவைத் திறந்துகொண்டு ரோகிணி வந்தாள். இடுப்பில் நான்கு வயது சித்தார்த். பிள்ளையின் முதுகெல்லாம் வேர்க்குரு.

"பச்ச லைட்டு அணைஞ்சு ஆரஞ்சு லைட்டு மினுங்குது. ரிமோட்ட அமுக்குனா ஒண்ணும் நடக்கல. புள்ள தூங்க முடியாம அழுது அழுது... இங்க பாருங்க, எப்படிச் செவந்திருக்குன்னு!"

"சந்தனம் இழைச்சுத் தரவா ரோகிணி?"

"சந்தனமெல்லாம் இருக்கட்டும்க்கா. ராத்திரி பூரா நல்லா ஓடுற ஏசி, நீங்க துணியெடுக்க மாடிக்குப் போற நேரமாப் பாத்துத்தான் நிக்கிது. அது என்ன கணக்குன்னுதான் எனக்குப் புரியல!"

கனகம் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

மெக்கானிக் கருத்தக்கண்ணன் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். பகலெல்லாம் அலைந்துவிட்டு அவன் இந்தத் தெருவுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அவன் வந்து போட்டால் ஏசி ஒழுங்காக ஓடும். "இந்த ஆரஞ்சு லைட்டு சும்மா மினுங்காதுக்கா," என்று அவன் விளக்கியிருந்தான். "எத்தன தரம் மினுங்கி நிக்கிதுன்னு பாத்தா கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுரும். இது மாடில இருக்க பெட்டியச் சொல்லுது. சூடு தாங்காம தானா நின்னுக்கிது. ஆனா கேஸ் சரியா இருக்கு, ஃபேன் ஓடுது, உள்ள தூசியும் இல்ல. வெயில் நேரத்துல ஏதோ காத்த அடைக்குது. நிக்கிற நேரத்துல யாராச்சும் மேல போய்ப் பாருங்க."

ரோகிணி அதைக் கேட்டுவிட்டுக் கனகத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை கனகத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அன்று மத்தியானம் அறைக்குள்ளிருந்து, "போச்சு! திரும்பவும் போச்சு!" என்று ரோகிணி கத்தியதும் கனகம் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு மாடிக்கு ஓடினாள். சிமெண்டுத் தரை உள்ளங்காலைச் சுட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துணிக்கொடியிலிருந்து பார்த்தால் தெரியாத மறைவில், ஏசியின் வெளிப்பெட்டி. அதன் மேல் தலையோடு காலாக ஒரு சணல் சாக்கு போர்த்தியிருந்தது. நனைத்துப் போட்டது. மேல்பக்கம் வெயிலில் காய்ந்துவிட்டிருந்தது, தொங்கிய ஓரங்களில் இன்னும் ஈரம். முன்பக்கத்துக் கம்பி வலையோடு ஒட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து வரும் சூட்டை ஒரு பொட்டுக்கூட வெளியே விடாமல் மூடிக் கிடந்தது.

சாக்கை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மாமனாரின் கட்டிலடியில் கால் துடைக்கக் கிடக்கும் சாக்கு. சொந்த ஊரான எழுமலையில் நிலத்தை விற்றுவிட்டு வந்தபோது அவர் கூடவே கொண்டு வந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் வெள்ளைத்துரை இந்த மாடிப்படியில்தான் சறுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கி ஒரு மாதம் கட்டிலோடு கிடந்தார். "இன்னொருக்கா மாடி ஏறுனீங்கன்னா எழுமலைல கொண்டுபோய் விட்டுருவேன். அந்த வீட்டுல தனியாக் கெடங்க!" என்று அழகுபாண்டி கத்தினான். பயத்தில் கத்தியதுதான். ஆனால் அன்று ராத்திரி கிழவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்ததைக் கனகம் பார்த்தாள்.

அவள் சாக்கை உருவி, துணிகளுக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு கீழே வந்தாள். மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சாக்கைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் ஏசி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

சாயங்காலம் ஆண்கள் இருவரும் சமயநல்லூரில் தாங்கள் நடத்தும் கடையை வேலை பார்க்கும் பையனிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்திருந்தார்கள். ரோகிணி போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். கருத்தக்கண்ணனும் மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கி வந்து, "அதே கோளாறுதாண்ணே. இப்ப ஜம்முன்னு ஓடுது," என்றான்.

"ஓடும்! ஏன் ஓடாது?" ரோகிணியின் குரல் உடைந்தது. "இன்னிக்கு நானே பாத்தேன். லைட்டு மினுங்குச்சு. அக்கா வேகவேகமா மேல போனாங்க. எறங்கி வந்தாங்க. ஏசி ஓடுது! மேல என்ன பண்ணுனீங்கன்னு கேட்டா, துணியெடுத்தேங்கிறாங்க!"

"ரோகிணி, பேசாம இரு," என்றான் தங்கப்பாண்டி.

"எதுக்கு இருக்கணும்? இவுங்க அப்பா வாங்கிக் குடுத்த ஏசின்னா நேரடியா வேணும்னு கேட்டுற வேண்டியதுதான? பச்சப் புள்ளையப் போட்டு வேக வைக்கணுமா? ஒண்ணு பெத்து வளத்திருந்தா இவுங்களுக்கு அந்த வலி தெரியும்!"

கருத்தக்கண்ணன் தன் டூல்ஸ் பையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கனகம் கட்டிலடியைக் கை காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். துண்டால் மூடியிருந்த கிழவரின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அழகுபாண்டி அவளிடம் வந்தான். "கனகு... நீ ஒண்ணும் பண்ணலைல?"

ரோகிணி சொன்னதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இந்தக் கேள்வியில்தான் அவளுக்குக் கண் நிறைந்தது. "நீங்களுமா கேக்குறீக...?" என்று மட்டும் சொன்னாள்.

கட்டில் கிறீச்சிட்டது. வெள்ளைத்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு கையில் அந்தச் சாக்கு.

"அந்தப் புள்ளையக் கேக்காதடா. என்னையக் கேளு. சாக்கப் போட்டது நாந்தேன்."

"என்ன சாக்கு?"

"எழுமலைல கெணத்து மோட்டார் சூடாயிருச்சுன்னா ஈரச்சாக்கத்தான போடுவோம்? அது மாதிரி இதுவும் வெயில்ல காயுதேன்னு மத்தியானம் நனைச்சுப் போடுவேன். பொழுதடஞ்சா எடுத்துருவேன்."

கருத்தக்கண்ணன் தலையில் கை வைத்தான். "அட ஐயா! அது காத்த இழுத்து சூட்ட வெளிய தள்ளுற பெட்டி. மூஞ்சிய மூடிவிட்டா மூச்சு முட்டிப்போகாதா? குளிரட்டும்னு போர்வையப் போத்தி விட்டிருக்கீகளே!"

"எம்புட்டு நாளாப்பா இந்த வேல?" என்றான் அழகுபாண்டி.

"போன ஆனியில இருந்து. இடையில கால் வீங்குனப்பத்தான் போடல."

"அப்பல்லாம் நிக்கலையே..." என்று தொடங்கிய ரோகிணி பாதியிலேயே நிறுத்தினாள். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் அவள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. ராத்திரி மட்டும் ஓடிய ஏசியை, பகலில் போட்டு எடுத்த சாக்கு ஒன்றும் செய்யவில்லை. கோடை விடுமுறை விட்டு, அவள் மத்தியானத்தில் ஏசியைப் போடத் தொடங்கிய பிறகுதான் விளக்கு மினுங்க ஆரம்பித்திருக்கிறது. அவள் முகம் வெளிறியது.

"வாரேண்ணே... இதுக்கு ரிப்பேரே தேவையில்ல," என்று கருத்தக்கண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நழுவினான்.

"மாடி ஏறாதீங்கன்னு எத்தன தரம் சொல்றது? உங்கள..." அழகுபாண்டி குரலை உயர்த்தினான்.

"அவுகள ஒண்ணும் சொல்லாதீங்க!" கனகம் குறுக்கே வந்து நின்றாள். அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "மாமா எழுமலைக்குப் போக மாட்டாக. இங்கதான் இருப்பாக."

வெள்ளைத்துரை மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். "இன்னிக்கு மத்தியானம் இவ கொண்டாந்து வச்சத கண்ண மூடிக்கிட்டே பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். எனக்காக ஏச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறா. நான் வாயத் தொறக்கலேன்னா மனுசனா?" துண்டால் கண்ணைத் துடைத்தார். "அது அவ அப்பன் ஆசையா வாங்கிக் குடுத்த பொருளுடா. ஒரு வருசத்துல ரூமு திரும்பி வரும்னு நீ சொன்னேல்ல? அன்னிக்கும் இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன். காது கேக்கும்டா எனக்கு. அவ கைக்குத் திரும்பி வாரவரைக்கும் கெட்டுப் போயிறக் கூடாதேன்னுதேன்..."

அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

ரோகிணி பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்து கனகத்தின் தோளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா... என்னைய மன்னிச்சுருங்கக்கா. என் வாயில என்னென்னமோ வந்துருச்சு. புள்ளையப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது... சொல்லியிருக்கவே கூடாதுக்கா!"

கனகம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "போகட்டும் விடு. புள்ள அழுதா யாருக்கும் பொறுக்காது."

"நீங்க எப்பவும் இப்படித்தான் போகட்டும் போகட்டும்ங்கிறீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தரமாச்சும் கேளுங்கக்கா. எதுனாலும் கேளுங்க."

'ஒண்ணும் வேணாம்மா' என்ற சொல் கனகத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆறு வருடப் பழக்கம். அதை விழுங்கினாள். கொழுந்தன் நிற்கிறான், மாமனார் இருக்கிறார்... இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் முகமெல்லாம் சுட்டது. கணவனைப் பார்த்தாள். அவன் தலை நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏசிய நீங்களே வச்சுக்கங்க ரோகிணி. புதுசாப் பாத்துப் போற வீட்டுல மாட்டிக்கங்க, புள்ளைக்கு ஆகும்," என்றாள் கனகம். "எனக்கு அந்த ரூமு வேணும். எனக்கும் அவுகளுக்கும், ராத்திரி தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி... ஒரு கதவு வேணும்."