டஸ்ட் ஷூ எங்கே?

"ஐயோ...! மாதாவே...!"

வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி.

அனுஜாவின் அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. சந்தையிலிருந்து வாங்கி வந்த ஊளி மீன் வாசற்படியில் சிதறிக் கிடந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் அவள் கணவன் டெரன்ஸ் குப்புறக் கிடந்தான்.

பிடரியில் ரத்தம்...!

அவன் தலைக்கு மேலே சிஎன்சி ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சொன்னபடி பலகையை இழைத்து, குடைந்து, செதுக்கிக்கொண்டிருந்தது. செதுக்கிய தூள் அறை முழுக்கப் பறந்தது. மாவு மில்லுக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

இரண்டு தெரு தள்ளித்தான் காவல் நிலையம். ஆம்புலன்ஸுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் கிருபாபாய் வந்துவிட்டாள். பின்னால் மூச்சிரைக்க ஏட்டு இசக்கியப்பன்.

கிருபாபாய் முதலில் மெஷினை நிறுத்தினாள். அடுத்து டெரன்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உயிர் இருக்கு. ஏட்டய்யா, தூக்குறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுங்க. தூக்குன பிறகும் எடுங்க."

"சரிங்க மேடம்."

அனுஜா திடீரென்று மெஷினைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"மேடம்...! ஷூவைக் காணோம்!"

"யாரு செருப்பும்மா?"

"செருப்பு இல்ல மேடம். டஸ்ட் ஷூ! அவுக கண்டுபிடிச்சது... அதைத்தான் எவனோ எடுத்துட்டுப் போயிருக்கான்!"

*

டஸ்ட் ஷூ என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

சுழன்று வெட்டுகிற முனையைச் சுற்றி ஒரு கூடு. கூட்டின் அடியில் பாவாடை மாதிரி பிரஷ் மயிர். பக்கத்தில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் வேக்குவம் கிளீனர். வெட்டும்போதே தூளை உறிஞ்சிவிடும். உறிஞ்சாவிட்டால் அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும்.

பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் தூத்துக்குடியில் இரண்டு பேர் அதற்காக இரண்டு வருடமாகத் தூங்கவில்லை!

ஒருவன் டெரன்ஸ். முப்பது வருடம் கப்பலில் இன்ஜினியர். ரிட்டயர் ஆகி வந்து, பொழுதுபோக்குக்கு மெஷின் வாங்கி, கோயில்களுக்கு மாதா சொரூபம் செதுக்குகிறவன்.

இன்னொருவன் ராஜபாண்டி. முத்தையாபுரத்தில் ஹார்ட்வேர் கடை. கடை மாடியில் அவனுக்கும் ஒரு மெஷின்.

டெரன்ஸின் டஸ்ட் ஷூ காந்தத்தில் ஒட்டும். ஒரு இழுப்பில் கழலும். கண்ணாடி மாதிரி அக்ரிலிக்கில் செய்திருந்தான். மெஷின்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டால் நூறு பேர் கைதட்டினார்கள்.

ராஜபாண்டி பதினோரு தடவை செய்து பார்த்தான். ஐஸ்கிரீம் டப்பாவில் செய்தான். பிவிசி மூடியில் செய்தான். ஷூ பாலிஷ் பிரஷ்ஷைப் பிய்த்து ஒட்டினான். மயிர் வெட்டுமுனையில் சிக்கிச் சுருண்டது. கைதட்ட ஆள் இல்லை.

வயிறு எரிந்தது...!

நாளை சனிக்கிழமை. கோயம்புத்தூர் மெஷின் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வருகிறார். இருவருடையதையும் ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். இனி அந்தக் கம்பெனி விற்கும் ஒவ்வொரு மெஷினிலும் அந்த ஷூ இருக்கும். செய்தவன் பேரும் அதில் பொறிக்கப்படும்.

இந்த நேரத்தில்தான் டெரன்ஸின் மண்டை உடைந்தது.

*

பகல் பன்னிரண்டு. ஆஸ்பத்திரி.

பிடரியில் இரண்டே இரண்டு தையல். டெரன்ஸ் கண் திறந்தான்.

"யாரு அடிச்சது சார்?" கிருபாபாய் குனிந்தாள்.

"முகத்தைப் பாக்கல மேடம். மெஷின் சத்தத்துல ஆள் வந்ததே தெரியல. பின்னால இருந்து ஒரே அடி... விழுந்துட்டேன். கண்ணு இருட்டுறதுக்கு முன்னால பாத்தேன்... ஷூவைப் பிடுங்கிட்டு ஓடுதான்."

"சட்டை?"

"நீலம்."

எதிர் வீட்டு கேமராவில் அது அப்படியே பதிவாகியிருந்தது. பத்து இருபதுக்கு ஸ்கூட்டரில் ஒருவன் வந்து கேட்டைத் திறந்து வண்டியோடு உள்ளே போகிறான். பத்து இருபத்தாறுக்கு வெளியே வருகிறான்.

நீலச் சட்டை...!

ராஜபாண்டி!

இசக்கியப்பன் முத்தையாபுரம் கடைக்கு ஜீப்பை விட்டான். கடை வாசலில் அதே ஸ்கூட்டர் நின்றது. முன்பக்கக் கொக்கியில் ஒரு துணிப்பை. பைக்குள்ளே பழைய செய்தித்தாள். அதற்குள்ளே...

அக்ரிலிக் டஸ்ட் ஷூ!

"ஏலே, ஏறு வண்டில!"

*

காவல் நிலையத்தில் ராஜபாண்டி வியர்த்து வழிந்தான்.

"அண்ணாச்சி, எதுக்கு அடிச்சீங்க?" கிருபாபாய் கேட்டாள்.

"நான் அடிக்கல மேடம்! கடை மேல சத்தியமா அடிக்கல! அந்த ஷூ எம் பையில எப்படி வந்துச்சின்னே தெரியல!"

"டெரன்ஸ் மேல உங்களுக்குப் பொறாமை. குரூப்ல எல்லாருமே சொல்லுதாங்க."

ராஜபாண்டி நிமிர்ந்தான்.

"ஆமா மேடம். பொறாமைதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எம் பொண்டாட்டி செல்வராணி சோறு போடும்போது கூட, 'டெரன்ஸ் அண்ணன் பட்டறைத் தரையில இலையே இல்லாம சாப்பிடலாம்'னு சொல்லுவா. அன்னைக்குப் பூரா எனக்கு சோறு இறங்காது. ஆனா கையை நீட்ட மாட்டேன் மேடம்."

"இன்னைக்கு எதுக்குப் போனீங்க?"

"அவந்தான் கூப்பிட்டான். 'வாலே, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ'ன்னு போன் பண்ணினான்."

"காப்பி குடிச்சீங்களா?"

"ஆளையே காணோம் மேடம்! பட்டறைல மெஷின் மட்டும் தனியா ஓடிட்டு இருந்துச்சி. 'டெரன்ஸு... டெரன்ஸு'ன்னு கத்துனேன். பதில் இல்ல. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

"என்னத்த பாத்தீங்க?"

ராஜபாண்டி தயங்கினான். காது மடல் சிவந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி!"

"தூசியை மேடம்... ஷூ இல்லாம மெஷின் தூசியைக் கக்கிட்டு இருந்துச்சி. மேஜை, தரை, ஜன்னல் எல்லாம் தூசி. 'ஆகா, நாளைக்கு ஆள் வாரான், இவன் ஷூ படுத்துட்டு'ன்னு நினைச்சேன். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன்... சந்தோசமா இருந்துச்சி. ரெண்டு வருசத்துல முத தடவ அவன் தரையில தூசியைப் பாத்தேன் மேடம்!"

இசக்கியப்பன் லத்தியால் மேஜையைத் தட்டினான்.

"நல்லா கதை விடுதான் மேடம்! திருட்டுப் பொருள் இவன் பையில இருக்கு. எப்.ஐ.ஆர் போட்டுரலாம்."

கிருபாபாய் கையை நீட்டினாள்.

"ஏட்டய்யா, காலையில எடுத்த போட்டோவைக் காட்டுங்க."

ஒன்று... இரண்டு... மூன்று...

ஐந்தாவது போட்டோவில் அவள் விரல் நின்றது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

அனுஜாவுக்கு போன் போட்டாள்.

"அனுஜாம்மா, பட்டறையைக் கடைசியா எப்ப கூட்டினீங்க?"

"இன்னைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மேடம். கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைச்சிட்டுத்தான் சந்தைக்குப் போனேன். கறுப்புத் தரை மேடம், ஒரு பொட்டு கிடந்தாலும் அவுகளுக்குப் பிடிக்காது."

போனை வைத்தாள்.

"அண்ணாச்சியை வண்டில ஏத்துங்க."

"ஜெயிலுக்கா மேடம்?" இசக்கியப்பன் முகம் மலர்ந்தது.

"ஆஸ்பத்திரிக்கு!"

*

டெரன்ஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அனுஜா இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராஜபாண்டியைப் பார்த்ததும் டெரன்ஸின் கை நீண்டது.

"இவந்தான்! இதே சட்டைதான் மேடம்! ஏலே, இத்தனை வருசப் பழக்கத்துக்கு இப்படிப் பண்ணிட்டியே!"

"நான் என்னலே பண்ணினேன்?" என்றான் ராஜபாண்டி.

கிருபாபாய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சார், எழுதுறதுக்காக ஒரு தடவ திருப்பிக் கேக்கேன். முதல்ல அடி விழுந்துச்சா... இல்ல, முதல்ல ஷூவைப் பிடுங்கினானா?"

"முதல்ல அடி. நான் விழுந்த பிறகுதான் பிடுங்கினான்."

"அடி விழும்போது ஷூ மாட்டித்தான் இருந்துச்சா?"

"மாட்டித்தான் இருந்துச்சி. அது இல்லாம நான் மெஷினை ஓட்டவே மாட்டேன். ஊருக்கே தெரியும்."

"உறிஞ்சிட்டு இருந்துச்சா?"

"பொட்டு விடாம!"

"அப்ப நீங்க விழுந்தப்ப தரை சுத்தமா இருந்திருக்கும்..."

"கண்ணாடி மாதிரி இருந்துச்சி மேடம்!"

கிருபாபாய் செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உங்களைத் தூக்கின பிறகு எடுத்த போட்டோ. நீங்க கிடந்த இடம். கறுப்புத் தரை எங்க சார்?"

டெரன்ஸ் பார்த்தான்.

ஆள் வடிவத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள்ளே... தூசி! அமுங்கிப்போன, பழுப்பு நிறத் தூசி. சட்டைப் பொத்தான்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. எண்ணலாம். ஆறு!

"தூசி உங்க மேல விழுந்திருக்கலாம் சார். பக்கத்துல விழுந்திருக்கலாம். உங்களுக்குக் கீழ எப்படி விழுந்துச்சி?"

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

"நீங்களே ஷூவைக் கழட்டிட்டீங்க. மெஷினை ஓட விட்டுட்டீங்க. அண்ணாச்சி உள்ள உங்களைத் தேடுற நேரத்துல, பின் வாசல் வழியா சுத்தி வந்து, கேமராவுக்குத் தெரியாம மதில் மறைவுல நின்ன அவரு ஸ்கூட்டர் பையில ஷூவைப் போட்டீங்க. அவரு போன பிறகு உள்ள வந்து, பிடரில நீங்களே ஒரு தட்டு தட்டிட்டு... படுத்துட்டீங்க. அதுக்குள்ள தரை பூரா தூசி!"

அனுஜாவின் கையிலிருந்த இளநீர் சாய்ந்தது.

"ஏங்க...?" என்றாள். "மூணு நாளா சரியா சாப்பிடல, தூங்கல... இதுக்குத்தானா?"

டெரன்ஸ் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"செவ்வாக்கிழமை இவன் கடை மாடிக்குப் போனேன். பன்னெண்டாவதா ஒண்ணு செஞ்சி வச்சிருந்தான். என்னது வெட்டுமுனையோட சேர்ந்து மேல கீழ போகும். ஆழமா வெட்டினா மயிர் நசுங்கும், மேல தூக்கினா தூசி தப்பிச்சிரும். அதனால பலகைய மேலாப்ல வெட்டுத வேலையைத்தான் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டுவேன். இவன் ஷூவைத் தனியா ஒரு கம்பில தொங்க விட்டுட்டான். முனை மட்டும் ஏறி இறங்குது. ஷூ பலகையை விட்டு அசையல! ஒரு மணி நேரம் ஓட்டினான். கையால தடவிப் பாத்தேன்... ஒண்ணுமே ஒட்டல."

"'பரவாயில்லலே'ன்னு ஒரு வார்த்தைதான சொன்ன!" ராஜபாண்டி திகைத்தான்.

"வேற என்னத்த சொல்லச் சொல்லுத?" டெரன்ஸ் வெடித்தான். "முப்பது வருசம் கப்பல் இன்ஜினைக் கட்டி மேய்ச்சவன் நான்! ஆணி விக்கிற நீ... ஒரு கம்பியை வச்சி என்னை ஜெயிச்சிட்டியேலே! நாளைக்கு உம் பேரைப் பொறிப்பான்... அதைப் பாத்துட்டு நான் உயிரோட இருக்கணுமா? நீ உள்ள போயிட்டா, வாரவன் என்னது ஒண்ணைத்தான பாப்பான்...?"

ராஜபாண்டி மெல்ல அருகே போனான். கோபம் வரவில்லை அவனுக்கு. வேறு ஏதோ வந்தது. அடக்கப் பார்த்தான்... முடியவில்லை. உதடு தானாக விரிந்தது.

"ஏலே டெரன்ஸு... உனக்கு... எம் மேலயாலே பொறாமை?"

டெரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். ராஜபாண்டி வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று இசக்கியப்பனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"ரெடியா இருங்க சார்," கிருபாபாய் எழுந்தாள். "பொய்ப் புகார். அடுத்தவரைக் கேஸ்ல மாட்ட ஆதாரம் ஜோடிச்சது. டாக்டர் விட்ட உடனே ஸ்டேஷன்."

டெரன்ஸ் மெதுவாகத் தலையைத் தூக்கினான். உள்ளே இருந்த இன்ஜினியர் இன்னும் சாகவில்லை.

"மேடம்... ஒண்ணு கேக்கலாமா? கேமரா, போன், சட்டைக் கலர் எல்லாம் யோசிச்சித்தான் பண்ணினேன். என் பிளான்ல வேற குறை ஒண்ணும் இல்லல்ல...?"

கிருபாபாய் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"ஒரு குறையும் இல்ல சார்... படுக்குறதுக்கு முன்னால தரையைக் கூட்டியிருக்கணும், அவ்வளவுதான்!"