பின்சீட்டு பெல்ட்

ஓமானில் உள்ள சலாலாவில் விமானம் இறங்கியதுமே ரகுநாதனுக்கு அந்த ஊரைப் பிடிக்காமல் போய்விட்டது. வளைகுடா முழுவதும் வெந்து கிடக்கும் ஜூலையில் இங்கே மட்டும் தூறலும் மூடுபனியும் என்று துபாயில் பாதிப் பேர் வரிந்துகட்டிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்து அவன் பல வருடமாகச் சிரித்திருக்கிறான். இந்த வருடம் மகள் மஹதியின் அடம் தாங்காமல் அவனும் வந்து சேர்ந்தான். ஈரம், சகதி, நடு ரோட்டில் ஒட்டகம். ஊட்டிக்குப் போக வக்கில்லாதவன் கண்டுபிடித்த ஊட்டி என்றான் மனைவி வசந்தகுமாரியிடம். அவள் பதில் சொல்லவில்லை. அது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வந்த பழக்கம்.

ரகுநாதனைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மேனேஜர். தனக்குக் கீழே இருப்பவர்களை முகத்துக்கு நேரே 'நீ' என்பான், மேலே இருப்பவர்களை முதுகுக்குப் பின்னால் 'நீ' என்பான். வீட்டு வேலைக்கு வரும் ராதாவுக்கு அவனைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவளுக்கு அவன் வைத்த பெயர் 'ஏய்'. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எல்லாம் தடையில்லாமல் நடக்கிறது. அவனுக்கும் அதுவரை நடந்துகொண்டுதான் இருந்தது.

சீசன் என்பதால் ஊரில் வாடகைக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கடைசியில் செய்கு அலாவுதீன் என்ற கீழக்கரைக்காரரின் கடையில் ஒரு வெள்ளை வண்டி மிஞ்சியிருந்தது. காலையில் எடுத்து மலை, அருவி, கடற்கரை எல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திருப்பித் தருவதாகப் பேச்சு. அலாவுதீனும் ஒன்றும் உத்தமர் இல்லை. ஓடாத வண்டியைக்கூட ஓடும் என்று சாவியைக் கையில் திணிக்கிற ஆள். ஆனால் இந்த வண்டியின் சாவியைக் கொடுக்கும்போது மட்டும் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டார்.

வாடகை வண்டி எடுக்கிற எல்லோரும் செய்வதுபோல ரகுநாதனும் போனில் வீடியோ எடுத்தபடி வண்டியைச் சுற்றி வந்தான். இங்கே கீறல், அங்கே சொட்டை, பின்னால் எங்கள் தலையில் கட்டாதே என்று ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிப் பதிவு செய்தான். பின்கதவைத் திறந்ததும் நின்றான். வலப்பக்கச் சீட்டில் ஆளே இல்லை, ஆனால் பெல்ட் மட்டும் இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே எலுமிச்சம்பழ வாசனை அடித்தது.

"சார், அதை மட்டும் கழட்டிராதீங்க," என்றார் அலாவுதீன். "பாப்பாவை இந்தப் பக்கம் உட்கார வைங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்."

ரகுநாதனுக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான். பெல்ட்டுக்கு அடியில் சீட்டு கிழிந்திருக்கிறது. சாயங்காலம் அதைக் காட்டி, நீதான் கிழித்தாய் என்பான். இந்த வேலையெல்லாம் யாரிடம்? அலாவுதீன் கையை நீட்டித் தடுப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டை ஓர் அங்குலம் விடாமல் வீடியோ எடுத்தான். கிழிசல் எதுவும் இல்லை. அந்த ஏமாற்றத்திலேயே பெல்ட்டை அப்படியே தொங்க விட்டான்.

அலாவுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, வந்த ஆளை விட மனசில்லாத வியாபாரியைப் போல வாயை மூடிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

ஊர் எல்லை தாண்டியதும் சத்தம் ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

டாஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு. பின்சீட்டில், வலப்பக்கத்தில், ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். மஹதி இடப்பக்கம், தன் பெல்ட்டுக்குள் சமர்த்தாக இருந்தாள். வலப்பக்கச் சீட்டில் ஒரு பைகூட இல்லை.

குப்பை வண்டி என்றான் ரகுநாதன். வசந்தகுமாரி முன்சீட்டிலிருந்து திரும்பி, கையை எட்டி அந்த பெல்ட்டைப் பூட்டினாள். சத்தம் நின்றது. அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கீழக்கரைக்காரரைத் திட்டினான், ஓமான்காரர்கள் ஓட்டும் லட்சணத்தைத் திட்டினான், கிளம்பும்போது ராதா சட்டையைச் சரியாகத் தேய்க்காததைத் திட்டினான். "அந்தக் கழுதையை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்," என்றான்.

பின்னால் க்ளிக் என்று பெல்ட் கழன்றது.

டிங். டிங். டிங்.

"மஹதி, விளையாடாதே."

"நான் இல்லப்பா," என்றாள் மஹதி. "I didn't touch it."

வசந்தகுமாரி மறுபடி பூட்டினாள். கையை இழுத்துக்கொள்ளும்போது அவள் முகம் மாறியிருந்தது. பெல்ட் பாதி தூரத்துக்குமேல் சீட்டோடு படியவில்லை, நடுவில் எதன்மீதோ சாய்ந்ததுபோல் நின்றது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மலைப்பாதை ஏற ஏற மூடுபனி இறங்கியது. நடுப்பகல்தான், ஆனாலும் வண்டியின் மூக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் வெள்ளையாக நிறைந்து கிடந்தது. கண்ணாடியில் தூறல் ஊர்ந்தது. ஈரப் புல்லும் ஒட்டகச் சாணமுமாக ஒரு வாடை உள்ளே வந்தது, அதற்கும் மேலே எலுமிச்சை. யாரோ நகத்தால் தோலைக் கிள்ளிக் கிள்ளி முகர்வதுபோல, விட்டு விட்டு வந்தது.

வளைவுகள் வசந்தகுமாரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ரகுநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாடகை வண்டி. வாந்தி எடுத்து வைத்தால் அந்தக் கீழக்கரைக்காரன் முன்னால் யார் நிற்பது? ஊட்டி பஸ்ஸில் ஏறினாலும் இப்படித்தான், எங்கே கூட்டிப்போனாலும் மானத்தை வாங்குகிறவள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான்.

"அம்மா, இந்தா." மஹதி பின்னாலிருந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழம். தோல் முழுவதும் நகக்குறி.

"ஏதுடி இது?"

"ஆன்ட்டி குடுத்தாங்க. மோந்து பார்த்தா சரியாயிடுமாம்."

ரகுநாதன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். மகள். பக்கத்தில் காலிச் சீட்டு. கதை அளக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் அம்மாக்காரி என்று நினைத்தான். பயந்திருந்தால் ஒருவேளை அதோடு தப்பித்திருப்பான், அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. பாதையோரம் வண்டியை நிறுத்தினான்.

"இறங்கு," என்றான் மனைவியிடம். "எடுக்கிறதை வெளியே எடு. நான் போய் வண்டியைத் திருப்பிட்டு வரேன். இங்கேயே நில்லு, வர்றப்போ ஏத்திக்கிறேன்."

அவள் பக்கத்துக் கதவுக்கு வெளியே ஒரு முழம் மண். அதற்கப்பால் வெள்ளை.

பின்னால் க்ளிக் என்றது.

இம்முறை மணி அடிக்கவில்லை.

வசந்தகுமாரி அழுதுகொண்டே கைப்பிடியை இழுத்தாள். கதவு திறக்கவில்லை. அவன் பூட்டை விடுவித்துப் பார்த்தான், அப்போதும் திறக்கவில்லை. ஒரு கதவைத் திறக்கக்கூடத் துப்பில்லை என்று அவளையே திட்டிவிட்டு, வெளியிலிருந்து திறப்பதற்காகத் தன் பக்கம் இறங்கினான். அவன் பக்கத்துக் கதவு அழகாகத் திறந்தது. அவன் இறங்கியதும் அழகாகச் சாத்திக்கொண்டது.

வண்டி நகர்ந்தது.

மேட்டில். மேல்நோக்கி.

கியரை அவன் தன் கையால்தான் பார்க்கில் போட்டிருந்தான். ஓட்டுநர் சீட்டில் ஆளில்லை. வசந்தகுமாரிக்கு ஓட்டத் தெரியாது. உனக்கெல்லாம் வராது என்று சொல்லி அவளைக் கற்றுக்கொள்ள விடாதவன் அவன்தான். பின்கண்ணாடி வழியே மஹதியின் சின்னத் தலை தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு தலை. எண்ணெய் வைத்து இறுக்கி வாரிய கொண்டை.

ஓடினான். அவன் ஓடினால் வண்டியும் வேகமெடுத்தது. நின்றால் மெதுவானது. கூப்பிடு தூரத்திலேயே, கை எட்டாமல், பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒட்டி ஊர்ந்தது. மகள் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஒரு வளைவில் சிவப்பு விளக்குகள் மங்கி, மறைந்தன.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. தூறல்கூட நின்றுவிட்டது.

தன் வாழ்நாளில் முதன்முறையாக ரகுநாதனுக்குத் திட்ட யாரும் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் எதுவும் உருள்கிற ஓசை வந்துவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, குழந்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

எலுமிச்சை வாசனை வந்தது.

மிக அருகில்.

"இங்கேயே நில்லுங்க சார்," என்றது ஒரு பெண்குரல், பணிவாக, காதோரத்தில். "வர்றப்போ ஏத்திக்கிறோம்."

எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. சட்டை பனியில் நனைந்து உடம்போடு ஒட்டிப்போன பிறகு, பனிக்குள்ளிருந்து வண்டி இறங்கி வந்தது. மெதுவாக வந்து, அவன் முன்னால் நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது.

வசந்தகுமாரி எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சொல்லப்போனால், அவன் ராதாவைப் பார்க்கிற பார்வை அது.

"ஏறுங்க," என்றாள்.

மஹதி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி திரும்பி வர வேண்டாம்னுதான் சொன்னாங்கப்பா. நான் ப்ளீஸ் சொன்னேன். So she came back."

அருவிக்குப் போகவில்லை. கடற்கரைக்கும் போகவில்லை. ஊருக்குள் வரும்வரை ரகுநாதன் வாயைத் திறக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை.

கடையில் அலாவுதீன் கீறலையோ சொட்டையையோ பார்க்கவில்லை. நேரே பின்கதவைத் திறந்து வலப்பக்கச் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். இறங்கும்போது அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் அறையத் தோன்றும்.

அப்போதுதான் சொன்னார், அதுவும் துருவித் துருவிக் கேட்ட பிறகு. போன சீசனில் மஸ்கட்டிலிருந்து ஒரு நம்மூர்க் குடும்பம் இதே வண்டியை எடுத்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீரம்மாள் என்று ஓர் ஆயாவும் கூட வந்தாள். மலையில் அவளுக்கு வாந்தி. முதலாளி அவளை ரோட்டோரம் இறக்கிவிட்டு, இங்கேயே நில்லு, வர்றப்போ ஏத்திக்கிறோம் என்று சொல்லிப் போனான். அருவி, சாப்பாடு, போட்டோ எல்லாம் முடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. சீசன் முடிந்து பனி விலகிய பிறகுதான் பள்ளத்தில் தெரிந்தாள்.

"அதுக்கப்புறம் வண்டியில மணி அடிக்க ஆரம்பிச்சுச்சு," என்றார். "வாங்கம்மா, உக்காருங்கண்டு சொல்லி நானே பெல்ட்டைப் பூட்டிவிட்டேன். அடங்கிட்டாங்க. பூட்டுனபடியே இருந்தா வண்டியை விட்டு எறங்க மாட்டாங்க. நீங்கதான கழட்டி விட்டீங்க."

"இப்ப?"

"இப்ப இதுல இல்ல சார்," என்றார் அலாவுதீன், சாவியை ஆணியில் மாட்டியபடி. எங்கே என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

துபாய் திரும்பிய பிறகு மனிதர்கள் செய்வதை ரகுநாதனும் செய்தான். மறந்தான். சலாலாப் பக்கம் ஒரு ரோட்டில் வண்டிகள் தாமாகவே மேட்டில் ஏறும், காந்த மலை என்பார்கள், இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்று ஆபீசில் விளக்கம் சொன்னான். அந்த ரோடு வேறு ரோடு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டான். வசந்தகுமாரி ஓட்டுநர் பயிற்சிக்குப் பணம் கட்டினாள், அவனைக் கேட்காமல். ராதா மறுபடி 'ஏய்' ஆனாள்.

குளிர் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, மஹதிக்காகப் புஜைரா போவதாக ஏற்பாடு. மலையைக் குடைந்து போகிற பாதை, அந்தப் பக்கம் கடல். கிளம்பும்போது ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்த ராதாவின் கை நழுவித் தண்ணீர் சிந்தியது. லிஃப்ட் வாசலிலேயே அவளை நாலு பேர் பார்க்கத் திட்டிவிட்டு, ரகுநாதன் முதலில் இறங்கிப் போய் பேஸ்மென்ட்டில் தன் வண்டியைக் கிளப்பினான். சொந்த வண்டி. புத்தம் புதுசு. ஏசியைப் போட்டான்.

டிங். டிங். டிங்.

சிவப்பு விளக்கு. பின்சீட். வலப்பக்கம்.

ஏசிக் காற்றில் எலுமிச்சை வந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. எதிரே லிஃப்டின் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. வசந்தகுமாரியும் மஹதியும் இறங்கி வருகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மஹதி வந்து பின்கதவைத் திறந்து ஏறிக்கொள்வாள். அப்புறம் மலைப்பாதை.

கியர் பார்க்கில்தான் இருந்தது. வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்து நின்றது.

இதுவரை அவன் வாயில் வராத வார்த்தை, ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

"பெல்ட்…" என்றான். "பெல்ட் போட்டுக்குங்கம்மா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தப்புதாம்மா. ராதாம்மாகிட்டயும் சொல்லிடறேன்."

மணி நின்றது. லிஃப்ட் கதவு திறந்து மஹதி கையாட்டியபடி ஓடி வந்தாள், அவனைப் பார்த்து அல்ல, பின்சீட்டைப் பார்த்து.

அவன் முதுகுக்குப் பின்னால், நிதானமாக, பெல்ட் நீளமாக இழுபடும் ஓசை கேட்டது. பிறகு க்ளிக்.