முப்பத்து நான்கில் முப்பத்தொன்று

காலை இட்லியோடு இசக்கிராஜின் எண்ணும் வந்து சேர்ந்தது. செவ்வாயின் ஆறாம் குவிமாடத்தில் இது வழக்கம்தான். அறுவை சிகிச்சைக்கு முன்பு, மருத்துவமனையின் 'முன்னறிவான்' இயந்திரம் நோயாளியின் மரபணுவிலிருந்து மூச்சின் தாளம்வரை அலசும். சிக்கல் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கணித்து, வீட்டுச் சுவரில் ஒளிரவிடும். அக்கம்பக்கத்தார் உடம்பு எப்படி என்று விசாரிப்பதில்லை. எண் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று என்று வரும். ஐந்து வந்தால் வீட்டில் அழுகுரல் கேட்கும்.

இசக்கிராஜுக்கு முப்பத்து நான்கு வந்திருந்தது.

கல்லீரலில் கட்டி. எடுக்காவிட்டால் ஓராண்டு தாங்காது. அவன் பனிச்சுரங்கத்தில் துளையெந்திரம் ஓட்டுகிறவன். அதுவரை காய்ச்சல் என்றுகூடப் படுத்ததில்லை.

"எதுக்கு இவ்வளவுன்னு கேட்டீங்களா?" என்றாள் அவன் மனைவி சண்முகவடிவு.

"கேட்டேன். எண்ண மட்டும்தான் சொல்லணுமாம். காரணம் சொல்லக்கூடாதுன்னு குவிமாட மன்றத்து உத்தரவாம்." அவன் இன்னொரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டான். "விடு வடிவு. அறுபத்தாறு நம்ம பக்கம்தான இருக்கு?"

வடிவால் விட முடியவில்லை. அவள் குவிமாடத்தின் விதைக்கூடத்தில் வேதியியலாளர். செவ்வாய் மண்ணுக்கென உருவாக்கிய செவ்வெள் என்ற எள்ளைப் பத்தாண்டுகளாக ஆராய்கிறவள். அந்த விதையில் இருக்கும் செவ்விளகி என்ற பொருள், தோல் காயத்தைச் சீக்கிரம் மூடும். அதனால் பிரசவமானாலும் பல் பிடுங்கினாலும் குவிமாடத்து மக்கள் ஒரு பிடி செவ்வெள்ளை அரைத்து விழுங்கிவிடுவார்கள். ஆனால் அது உடம்புக்குள்ளே இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஒரு மணி நேரத்தில் சாதாரணக் கொழுப்பாக மாறிவிடுவதால் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது. விளைவு மட்டும் இரண்டு நாள் நீடிக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்தவளே வடிவுதான். அறுவைக்கு முன் செவ்வெள்ளைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையை எழுதியவளும் அவளே.

அன்று முழுவதும் அவள் யோசித்தாள். இவ்வளவு திடமான உடம்புக்கு அவ்வளவு பெரிய எண் எப்படி வரும்? சுரங்கத்து ஆட்களுக்கு இரத்தம் சற்றுத் தடிப்பு. அறுவைக்குப் பின் நுரையீரலில் இரத்தம் உறைந்து அடைக்கும் என்று இயந்திரம் அஞ்சியிருக்கலாம். அப்படியென்றால் கொஞ்சம் இளக்கினால் நல்லதுதானே? ஊர்க்காரர்கள்போல் ஒரு பிடி கொடுக்கப்போவதில்லை. அளந்து, மிகக் குறைவாக. மற்றவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும்.

மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சிறு குப்பியை நீட்டினாள். "இதக் குடிச்சிருங்க. டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம்."

இசக்கிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சிரித்துவிட்டுக் குடித்தான்.

மருத்துவமனையில் முன்னறிவான் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டது. "நாங்கள் தந்தது தவிர வேறு மருந்து, விதை, சாறு ஏதேனும் உட்கொண்டாரா?" இசக்கிராஜ் இல்லை என்றான். அவன் தங்கை பேச்சித்தாயும் இல்லை என்றாள். வடிவும் அதையே சொன்னாள்.

கட்டி சுத்தமாக வெளியே வந்துவிட்டது. இரத்தம்தான் நிற்கவில்லை. எந்திரக் கைகள் ஓரிடத்தைத் தைத்தால் இன்னோரிடம் கசிந்தது. அறுவை மருத்துவர் ஹபீபா உள்ளே போய்த் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துப் பார்த்தார். சாயங்காலம் இசக்கிராஜ் இறந்துபோனான்.

வடிவு தன் அளவை மறுபடி மறுபடி கணக்கிட்டுப் பார்த்தாள். அந்தச் சிறு குப்பியால் இவ்வளவு இரத்தம் போயிருக்காது. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பேச்சித்தாய் அவள் மடியில் விழுந்தாள்.

"மைனி, நான் பாவி. நீங்க எழுதி வச்சது தெரியும். முப்பத்து நாலுன்னதும் மனசு கேக்கல. காயம் சீக்கிரம் ஆறட்டும்னு ஒரு செவ்வெள் உருண்டை குடுத்தேன். மைனிகிட்ட சொல்லிராதன்னேன். சிரிச்சிக்கிட்டே முழுங்குனான்."

வடிவு அவள் முகத்தை நிமிர்த்தினாள். "எப்போ?"

"அன்னிக்குக் காலைல. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க."

அப்படியானால் குப்பியை வாங்கும்போதே அவன் வயிற்றில் உருண்டை இருந்திருக்கிறது. தங்கையைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. மனைவியை மறுக்கவும் மனமில்லை. இரண்டையும் குடித்துவிட்டு இயந்திரத்திடம் இல்லை என்று சொல்லியிருக்கிறான். நானும் கொடுத்தேன் என்று வடிவு பேச்சித்தாயிடம் சொல்லவில்லை. அவள் தலையை வருடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஹபீபாவிடம் போனாள். "டாக்டர், அந்த முப்பத்து நாலு எதுக்கு வந்துச்சு? எனக்காவது சொல்லுங்க."

ஹபீபா கதவைச் சாத்தினார். "அவரு உடம்புக்கு மூணுதான் வடிவு. மிச்சம் முப்பத்தொண்ணு, வீட்டுல யாராவது எதையாவது குடுத்துட்டு மறைப்பாங்கங்கறதுக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது வேற வேற. நாம பொறக்கறதுக்கு முன்னாடி, முதல் குவிமாடத்துல மிஷின் இத வெளிப்படையாத்தான் சொல்லிட்டிருந்துச்சு. எங்க வீட்டு ஆளுங்களைச் சந்தேகப்படுதான்னு ஒரே ரகளை. காரணத்தைச் சொல்லாத, எண்ண மட்டும் சொல்லுன்னு மன்றம் வாயை அடைச்சிடுச்சு." பிறகு மெல்லக் கேட்டார். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்," என்றாள் வடிவு.

அந்த வாரமே விசாரணை நடந்தது. ஆறாம் குவிமாடம் முழுக்க மன்றத்தின் வாசலில் கூடி, கொலைகார இயந்திரத்தை உடைக்கச் சொல்லிக் கூச்சலிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வடிவு உள்ளே போனாள். முதலில் பேச்சித்தாயை அழைத்தார்கள். அவள் அழுதுகொண்டே, எதுவும் கொடுக்கவில்லை என்றாள். அடுத்து ஹபீபா எழுந்து முப்பத்தொன்றைப் பற்றிச் சொன்னதும் மன்றமே கொதித்தது.

"அண்ணனப் பறிகுடுத்துட்டு நிக்கற பிள்ளையப் பார்த்து, நீதான் கொன்னேங்குதா அந்த மிஷின்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

தலைவர் வடிவின் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை இருந்தது. "அம்மா, செவ்வெள்ளைப் பத்தி உங்களைவிட யாருக்கும் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கு யாராவது, ஏதாவது குடுத்தாங்களா?"

பேச்சித்தாயின் கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. எல்லா முகங்களும் அவளையே பார்த்தன. அவற்றில் இருந்த இரக்கத்தை இழக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"இல்லைங்க," என்றாள். "என் வீட்டுல அப்படி யாரும் செய்ய மாட்டாங்க."

முன்னறிவானை அன்றே அணைத்துவிடத் தீர்ப்பாயிற்று. வாசலில் கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. பெண்கள் வரிசையாக வந்து வடிவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூட்டம் குறைந்ததும் ஹபீபா அருகில் வந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை, களைப்பாக இருந்தார்.

"நாளைக்குக் காலைல ஒரு சின்னப் பொண்ணுக்கு ஆபரேஷன் இருக்கு," என்றார். "அவ அம்மா அப்பாவை இனி நான்தான் கேக்கணும். எப்படிக் கேட்டா உண்மையைச் சொல்வாங்க வடிவு?"

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் கட்டிக்கொள்ள அடுத்தவள் கைகளை விரித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.