சமநிலைச் சான்று

ஆலையில் வாயு கசிந்து பதினான்கு பேர் இறந்த அன்று, பகல் பதினொரு மணிக்கெல்லாம் தவமணியின் வீட்டு வாசலில் வரிசை நின்றுவிட்டது. அவள் அரசு மருத்துவமனையில் இசைவாளர். உற்றவரைப் பறிகொடுத்தவர்களின் காதுக்குப் பின்னால் துயரணை பொருத்துவதுதான் வேலை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வில்லை. துக்கம் ஏறிவரும் நரம்பைப் பாதி வழியிலேயே மடக்கிவிடும். ஆளுக்கு ஆள் நரம்பு மாறும். அளவு பார்த்துத் திருகி நிறுத்தப் பழகிய கை வேண்டும். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் அந்தக் கை அவளுக்கு மட்டுமே இருந்தது.

இறந்தவர்களில் அவள் அண்ணன் ஞானவேலும் ஒருவன். பிணவறையில் அடையாளம் காட்டிவிட்டு வந்தவள், முதல் வில்லையைக் கண்ணாடி பார்த்துத் தனக்கே வைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் திருகும் அளவு தவறும்.

"பொணவறைக்கு வந்து பையனப் பாருன்னு கூப்புடுறாங்கம்மா. கால் வரமாட்டேங்குது" என்றார் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ண மூடிக்குங்க மாமா. லேசா குத்தும்."

இரண்டு திருகு. அவர் முகம், கலங்கிய தண்ணீர் தெளிவதுபோல் அடங்கியது.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா." எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தார்.

இரண்டு நாளில் அறுபத்துமூன்று பேர். சடங்குகள் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தன. பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் தவமணியை வாழ்த்திவிட்டுப் போனார்கள். வாழ்த்து காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அஞ்சலாட்சி மட்டும் வில்லையைத் தட்டிவிட்டாள். "எம் புருசன் செத்ததுக்கு நான் அழுவாம எவ அழுவா? எடுத்துக்கினு போ."

அவள் ஒப்பாரி நான்கு மாடிக்கும் கேட்டது. ஐந்தாம் நாள் சிலர் தவமணியிடம் வந்து, "அதுக்கும் ஒண்ணு வச்சிவுட்டுடேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை; குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் சமுதாயக்கூடத்தில் விசாரணை. அலுவலர் நிதானமான மனிதர். ஆலை மீது யாருக்காவது புகார் உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"பையன் போயிட்டான். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார் கலியமூர்த்தி. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஆலையின் அபாயச் சங்கு ஒரு மாதமாகவே பழுது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஞானவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது தவமணிக்கு நினைவிருந்தது. நினைவு இருந்த இடத்திலேயே கிடந்தது; அதை நாக்குக்குத் தள்ள உள்ளே எதுவும் இல்லை.

அஞ்சலாட்சி எழுந்தாள். "சங்கு ஊதியிருந்தா எம் புருசன் ஓடியாந்திருப்பாருய்யா! மூணு வாட்டி எழுதிக் குடுத்தாரு. ஒருத்தனும் வந்து பாக்கல!" தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தவமணியைப் பார்த்தார். "சமநிலையில இருக்கறவங்க வாக்குமூலத்தத்தான் பதிய முடியும். நீங்க இசைவாளர். இவங்க சமநிலையில இருக்காங்களா?"

தவமணிக்குக் கோபம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. கேள்வி அவள் தொழிலைப் பற்றியது. அதற்குச் சரியான விடை ஒன்றுதான்.

"இவங்கதான் சார் சரியா இருக்காங்க. புருசன் செத்தா இப்படித்தான் இருக்கும். மத்த அறுபத்துமூணு பேருக்கும் நான் மடக்கி வச்சிருக்கேன். கோவமும் அதே நரம்புலதான் வருது. அவங்க சொன்னதத்தான் எடுத்துக்கக் கூடாது."

அவர் பார்வை அவள் காதருகே போய் நின்றது. "நீங்களும் போட்டிருக்கீங்களே. அப்ப உங்க சான்று எப்படிச் செல்லும்?"

"செல்லாது" என்று ஒப்புக்கொண்டாள். காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். "கழட்டிட்டுச் சொல்றேன். பத்து நிமிசம் ஆகும்."

படிப்படியாக இறக்க வேண்டிய வில்லை அது. ஒரேயடியாக எடுக்கக் கூடாது என்று நோயாளிகளிடம் அவளே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். திருகி எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கூடம் காத்திருந்தது. மின்விசிறி சுற்றியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு பிணவறை வந்தது. விலகிய துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள். ஒன்றில் மட்டும் செருப்பு. 'ஆமாம், எங்கண்ணன்தான்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் வந்தது.

சான்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "அண்ணா" என்றுதான் வந்தது. அடுத்த கணம் தரையில் கிடந்தாள். அஞ்சலாட்சி ஓடிவந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். இரண்டு குரலும் ஒன்றாக எழுந்தன.

அலுவலர் பத்து நிமிடம் முழுதாகக் காத்திருந்தார். பிறகு எழுதினார்: 'சான்றளிப்பவர் சமநிலையில் இல்லை.'

"பாவம். யாராச்சும் அந்த வில்லைய எடுத்து அதுக்குத் திரும்ப வச்சிவுடுங்களேன்" என்றார் கலியமூர்த்தி, அமைதியாக.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கத் தெரிந்தவள் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள்.