அடுப்பில் அடங்காத விறகு

குசினியில் காஸ் அடுப்பு இருக்கும்போது மகன் எதற்காக முற்றத்தில் விறகு அடுக்குகிறான் என்பது சறோஜினிதேவிக்குப் பிடிபடவேயில்லை. பாரிசவாதம் வந்து படுத்ததிலிருந்து அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு யன்னலும்தான் உலகம். அந்த யன்னலுக்கு நேரேதான் சசிகரன் விறகை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அடுக்கென்றால் அப்படியொரு அடுக்கு! மண் ஈரம் ஏறாமல் அடியில் கல் வைத்து, காற்றுப் போக இடம் விட்டு, மேலே மட்டும் தகரம் போட்டிருந்தான். புங்குடுதீவுச் சோளகக் காற்று உப்பு வாடையோடு அதற்குள் புகுந்து புறப்பட, நாளாக ஆக வெட்டுமுகங்களில் வெடிப்பு விழுந்து, வேம்பின் கசந்த மணம் படுக்கை வரைக்கும் வந்தது. காலமெல்லாம் அடுப்பூதின மனுசிக்கு மரம் தெரியாதா? வேம்பு. நடுவில் கறுப்பு வைரம் ஓடிய புளி. நின்று எரிகிற மரங்கள். சோறு காய்ச்ச யாராவது புளி வைரத்தை எரிப்பார்களா?

"ஆருக்கடா தம்பி இவ்வளவு விறகு?"

"காஸ் தட்டுப்பாடு திரும்ப வந்தாலும் வருமம்மா."

"அடுப்புக்குள்ள கொள்ளாதே. ஏன் துண்டு போடேல்லை?"

சசிகரன் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

போன மாரியில் பக்கத்து வீட்டு அரியநாயகம் செத்தபோது, சுடலையில் பச்சை விறகு நுரை தள்ளிச் சீறியதே தவிர எரியவில்லை. பாதி வெந்த உடம்பை வைத்துக்கொண்டு ஊரே மழையில் நின்றது. "என்ர அம்மாவை இப்பிடி விடமாட்டன்" என்று சசிகரன் அன்றிரவு மனைவி கோபிகாவிடம் அழுததைச் சறோஜினிதேவி கேட்டிருந்தார். பாசமான பிள்ளை என்று பூரித்தும் போனார். இப்போது அந்த விறகின் நீளத்தைத் தன் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

பின்னேரம் கடல் பக்கம் கறுத்தது. சசிகரன் இரண்டு விறகை எடுத்துத் தட்டிப் பார்த்தான். இதுவரை மொத்தென்று கேட்ட சத்தம் இன்று கணீரென்று கேட்டது. உடனே கனடாவிலிருக்கும் தமையனுக்குப் போன் எடுத்தான்.

"ஓம் அண்ணை, நல்லாக் காய்ஞ்சிட்டுது. மழை வருது. நனைய முன்னம் நாளைக்கே எடுப்பம்."

எடுப்பதா? பிரேதத்தையல்லவா எடுப்பார்கள்!

"நான் இருக்கிறனடா!"

குரல் நன்றாகவே வந்தது. சசிகரன் திரும்பிப் பார்த்தான். போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

கோபிகா உள்ளே வந்தாள். தோய்ந்து ஈரம் சொட்டும் தலை. அழுது வீங்கிய கண். தலைமாட்டில் விளக்கேற்றினாள். போர்வையைக் கால்பக்கம் விலக்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

கையில் வெள்ளைத் துணிக் கிழிசல். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். சுற்றினாள்.

வாதம் தொடாத, வழங்குகிற கால் உதறியது. முடிச்சு நழுவியது.

"மாமி," என்றாள் கோபிகா பரிவாக, "கொஞ்சம் அசையாமல் கிடவுங்கோ."

பிறகு மறுபடியும் இறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.