பெட்டிக்குள் தூங்கிய விண்டோஸ்

2003, அக்டோபர். திங்கள் காலை 10.15. அல்சூர் ஏரிக்கு அடுத்த தெருவில் இரண்டாம் மாடி அலுவலகம். பீன்யாவில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் நாராயணசாமி, ஒரு ஃபிளாப்பியை அந்த அலுவலகத்தின் முதலாளி தேசிகனின் மேசைமேல் வைத்தார்.

"உங்க ஆஸ்பத்திரி பில்லிங் சாஃப்ட்வேர் சார். ஒரு புரோக்கர் எனக்கே விக்க வந்தான். போட்டிக் கம்பெனிதான், ஆனா திருட்டு மால் எனக்கு பேடா, வேண்டவே வேண்டாம்."

தேசிகன் ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஒன்றரை வருட உழைப்பு முழுவதும் உள்ளே இருந்தது. கோப்பு பதிவான நேரம், வெள்ளிக்கிழமை மாலை 4.05.

அன்று ஆபீஸில் ஆயுத பூஜை. புரோகிராமர் ராம்கியும் கணக்கர் ஓஸ்வால்டும் பூசணிக்காய் வாங்க மூன்றரைக்கே மார்க்கெட் போய்விட்டார்கள். தேசிகனும் அவர் மனைவி ஜகதாம்பாளும் வந்தது ஐந்து மணிக்கு. 4.05-க்கு இங்கே இருந்தவள் சஹானா ஒருத்திதான்.

அந்த நிரலை எழுதியவளும் அவளே. இன்னொரு கணினி வாங்க வசதியில்லாத கம்பெனிக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவள் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதன் திரையில் ஒரு பெட்டி திறக்கும். பெட்டிக்குள் முழு விண்டோஸ் ஒன்று, தனி கணினி போலவே, தன் கடிகாரத்தோடு ஓடும். பில்லிங் நிரல் இருந்தது அங்கே மட்டும்.

"போலீஸுக்குப் போன் பண்றேன்" என்றார் தேசிகன்.

"பத்து நிமிஷம் பொறுங்கோ" என்றார், அன்றும் கூட வந்திருந்த ஜகதாம்பாள். அரசுத் தணிக்கையில் இருபது வருடம் இருந்தவர். "சஹானா, நீ எடுத்தியா?"

"இல்லை மேடம். ஒரு தடவைதான் சொல்வேன். ரெண்டாம் தடவை கெஞ்ச மாட்டேன்."

"கெஞ்ச வேண்டாம். நாலு மணிக்கு என்ன பண்ணிண்டிருந்தே?"

"சரியா நாலு மணிக்கு உள்ளே இருக்கற விண்டோஸைத் தூங்க வெச்சேன். அப்புறம் வாசல்ல கோலம் போட்டேன்."

"தூங்க வெக்கறதுன்னா?"

"அப்படியே உறைஞ்சு நின்னுடும். எழுப்பினா, விட்ட இடத்துலேர்ந்து ஓடும். பூஜைக்கு எல்லாத்துக்கும் ரெஸ்ட் கொடுக்கணும்னு சார் சொன்னார். உள்ளே இருக்கறதும் உழைக்குதே."

ராம்கி சிரித்தான். "நாலுக்குத் தூங்கின மெஷின் நாலு அஞ்சுக்கு காப்பி பண்ணித்தா? நல்ல கதை."

"நீ எப்போடா கிளம்பினே?"

"ஏழு இருக்கும் மாமி. எல்லாரும் ஆறுக்கே போயிட்டேள். விளக்கை ஊதி அணைக்கக் கூடாதே, தானா மலையேறட்டும்னு காத்திண்டிருந்தேன்."

"இந்தக் கணினியைத் தொட்டியா?"

"பூஜைக்கு வெச்சதை யாராவது தொடுவாளா மாமி?"

"ஓஸ்வால்ட், நீ?"

"சாரைக் கார்ல வீட்ல விட்டேன் மேடம். ஆறரைக்கு உங்க வீட்லதான் சுண்டல் சாப்பிட்டுட்டிருந்தேன்."

ஜகதாம்பாள் சஹானாவின் மேசைக்குப் போனார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் ஆபீஸ் திறந்திருந்தது. காலையில் கிளம்பிய அமளியில் அந்தக் கணினியை யாரும் தொடவில்லை. சந்தனப் பொட்டு காய்ந்திருந்த மானிட்டரை அவர் ஆன் செய்தார்.

திரையை ஒரு நிமிடம் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி நின்றார்.

"ராம்கி, ஃபிளாப்பியை யார்கிட்ட கொடுத்தே?"

ராம்கி கதவுப் பக்கம் பார்த்தான். ஜகதாம்பாள் தொடர்ந்தார்:

"தூங்க வெச்ச விண்டோஸ் இப்போ முழிச்சிண்டிருக்கு. யாரோ எழுப்பியிருக்கா. எப்போன்னு அதுவே சொல்றது, பாருங்கோ. வெளியே லினக்ஸ்ல மணி 10.50. என் வாட்ச்லயும் அதேதான். உள்ளே விண்டோஸ்ல 8.30. ரெண்டு மணி இருபது நிமிஷம் பின்னாடி. அவ்வளவு நேரம்தான் அது தூங்கியிருக்கு. தூங்கினபோது அதோட கடிகாரமும் நின்னுடுத்து. நாலுக்குத் தூங்கினது ஆறு இருபதுக்கு எழுந்து, இன்னும் நாலு மணின்னே நெனச்சிண்டு ஓடியிருக்கு. அதோட 4.05, நமக்கு 6.25. அப்போ சஹானா என்னோட ஆட்டோல இருந்தா. இங்கே விளக்குக்குத் துணையா இருந்தவன் நீ ஒருத்தன்தான்."

"அவ நாலுக்கே தூங்க வெச்சான்னு என்ன நிச்சயம்?" ராம்கியின் குரல் தடுமாறியது.

"எப்போ வெச்சிருந்தாலும், அதுக்கு ரெண்டு மணி இருபது நிமிஷம் கழிச்சு யாரோ எழுப்பியிருக்கா. 4.05-க்கு முன்னாடி தூங்கியிருந்தா காப்பி ஆனது 6.25-க்கு, பின்னாடி தூங்கியிருந்தா எழுப்பினது 6.25-க்கும் அப்புறம். ரெண்டுலயும் இங்கே இருந்தவன் நீதான், தொடவே இல்லைன்னு சொன்னவனும் நீதான். அவசரத்துல மானிட்டரை மட்டும் அணைச்சுட்டுப் போயிட்டே. வெளிக் கடிகாரத்தைப் பார்த்தியே தவிர, உள்ளே இருக்கறதைப் பார்க்கலை."

ராம்கி நாற்காலியில் உட்கார்ந்தான். "இவ வர்ற வரைக்கும் நான்தான் மாமி இங்கே சீனியர்" என்றான் தரையைப் பார்த்து.

ஓஸ்வால்ட் அவனை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். தேசிகன் எழுந்து சஹானாவின் முன் வந்தார்.

"உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னுது. நாளைக்கு ஆஸ்பத்திரியில டெமோ. நீ போறியாம்மா?"

"போறேன் சார். ஆனா யார் எழுதினதுன்னு கேட்டா, எங்க டீம்னு சொல்ல மாட்டேன்."

"வேற என்ன சொல்வே?"

"நான் எழுதினேன்னு சொல்வேன்."

நாராயணசாமி மெல்லக் கை தட்டினார். தேசிகன் நிமிர்ந்து, அவரிடம் சொன்னார்:

"நன்னா கேட்டுக்கோங்கோ சார். எங்க ஆபீஸ் பொண்ணு."